சீரகத் தண்ணீரும் பவுனுவின் காலும்

மகனுக்கு,

நீ நன்றாகத்தான் இருப்பாய், அதனால் நலம் விசாரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவதாகவும், இந்த முறை கருஞ்சீரகத்தைப் பற்றி வீடியோ எடுக்கப் போவதாகவும், நான் பச்சைப் புடவை கட்டிக்கொண்டால் வெளிச்சத்துக்கு எடுப்பாக இருக்கும் என்றும் செய்தி அனுப்பியிருந்தாய். படித்தேன். கீழே ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. என் முகம் தேவைப்படும்போது மட்டும் உனக்கு அம்மா ஞாபகம் வருகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். எழுதி முடித்ததும் எதிர் வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் படம் பிடிக்கச் சொல்லி, நம் தெருக் குழுவிலும் பௌர்ணமி பூஜைக் குழுவிலும் சொந்தக்காரர்கள் குழுவிலும் போடச் சொல்லப் போகிறேன். உன் வீடியோ எந்த வழியாகப் போனதோ அதே வழியாக இதுவும் போகட்டும். என்னைக் கேட்காமல் என் முகத்தை ஊருக்குக் காட்டினாய். இப்போது உன்னைக் கேட்காமல் உன் முகத்தை நான் காட்டுகிறேன். வரவும் செலவும் நேராக நின்றால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்பது உனக்குத் தெரியாததல்ல.

முதலில் சீரகத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். ஊருக்கெல்லாம் அதன் பெருமையைச் சொன்ன நீ, என்றைக்காவது அதை வறுத்திருக்கிறாயா? வெறும் வாணலியில் சிறு தீயில் போட்டு, கையை எடுக்காமல் கிளற வேண்டும். நிறம் மாறட்டும் என்று காத்திருந்தால் கெட்டது. வாசனை எழுந்த உடனே தட்டில் கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் அடுப்பை அணைத்த பிறகும் வாணலிச் சூட்டிலேயே கருகிக் கசந்துவிடும். ரசத்துக்கு வறுக்கக் கூடாது. மிளகோடு சேர்த்துப் பச்சையாக ஒன்றிரண்டாகத் தட்டி, நுரை கட்டும் நேரத்தில் போட்டு இறக்க வேண்டும். கூட்டுக்கு என்றால் தேங்காயோடு அரைக்க வேண்டும். தாளிப்பில் கடுகு வெடித்த பிறகுதான் சீரகம். முந்திப் போட்டால் கடுகு வெடிப்பதற்குள் இது கரியாகிவிடும். வறுத்துப் பொடித்ததை ஒரு சிட்டிகை மோரில் போட்டால் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட வயிறுகூட இளகிவிடும். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டோடு சேர்த்து ரசம் வைத்தால் பசி எடுக்கும், வாயு கலையும், வாய்க்கசப்பு போகும். உன்னைப் பெற்றபோது நானும் அதைத்தான் குடித்தேன். சீரகம் செய்கிற நல்லது இவ்வளவுதான். ஒரு சின்ன விதைக்கு இதுவே பெரிய காரியம், இதற்கு மேல் அதன் தலையில் பாரம் ஏற்ற வேண்டியதில்லை. சீர், அகம் என்று பிரித்து, உடம்புக்குள் இருக்கிற அத்தனையையும் சீராக்குவதால்தான் அதற்குச் சீரகம் என்று பெயர் வந்தது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாயே. பெயரைப் பிரித்தால் நோய் போய்விடும் என்றால் உன் பெயரையும் பிரித்துப் பார்க்கலாம். நான் வைத்த பெயர்தான். சாமி பெயராகப் பார்த்துத்தான் வைத்தேன். பிரித்தால் உள்ளே ஒன்றும் இல்லை.

அந்த வீடியோவின் தொடக்கத்தில் ஒரு கதை சொல்கிறாய். சின்ன வயதில் உனக்கு அடிக்கடி வயிற்று வலி வருமாம், அம்மா ஒரு டம்ளர் சீரகத் தண்ணீர் கொடுப்பாளாம், வலி பறந்துவிடுமாம், டாக்டரே பார்த்ததில்லையாம். நீ அதைச் சொல்லும்போது கண்கூட லேசாகக் கலங்குகிறது, பார்த்தேன். இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். உனக்கு வயிற்று வலி வந்ததே கிடையாது. கணக்குப் பரீட்சை அன்று காலையில் மட்டும் வருகிற வலியை எந்த டாக்டரிடம் காட்டுவது? நீ பாயில் சுருண்டுகொண்டு முனகுவாய். உன் அப்பா ஃபேக்டரிக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இன்னிக்கு இன்னா, கணக்கா? அப்ப அந்தக் கருப்புத் தண்ணியக் காய்ச்சு" என்பார். நாங்கள் இருவரும் அடுப்படியில் சிரிப்போம். சீரகத் தண்ணீர் என்றால் தேன் நிறத்தில், வாசமாக இருக்க வேண்டும். உனக்கு வைத்தது வேண்டுமென்றே கருக வறுத்து, பாதியாகச் சுண்டக் காய்ச்சி, வெல்லம் போடாமல் கொடுத்தது. இரண்டாவது வாய் குடிக்கப் பயந்துதான் நீ எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். அது உன் பொய்க்குக் கொடுத்த மருந்து. அதைத்தான் நீ சர்க்கரை நோய்க்கு மருந்து என்று விற்றிருக்கிறாய்.

என் பங்கு அந்த வீடியோவில் எப்படி வந்தது என்பதையும் ஊர் தெரிந்துகொள்ளட்டும். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய ஞாயிறு, ஐயப்பன்தாங்கலிலிருந்து நீ மட்டும் வந்திருந்தாய். கூழும் கருவாட்டுக் குழம்பும் அதற்கு மேல் கறியுமாகச் சாப்பிட்டுவிட்டு சோபாவில் மல்லாந்து கிடந்தாய்.

"வயிறு கல்லு மாதிரி இருக்கும்மா. மெடிக்கல்ல போய் ஒரு மாத்திரை வாங்கிட்டு வந்துடவா?"

"மாத்திரை எதுக்குடா? சீரகத் தண்ணி குடி, எல்லாம் சரியாப் போயிடும். நல்லா ரெண்டு ஏப்பம் வுட்டுட்டு எழுந்து இலையக் கொண்டு போய்ப் போடு."

நீ சிரித்தாய். போனைக் கையில் எடுத்து, "இன்னொரு வாட்டி சொல்லும்மா, நல்லா இருந்துச்சு" என்றாய். மருமகளுக்குக் காட்டிக் கேலி செய்யப் போகிறாய் என்று நினைத்து நானும் முந்தானையைச் சரி செய்துகொண்டு மறுபடி சொன்னேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் வீடியோவில் நீ கேட்கிறாய்: "சர்க்கரை நோய்க்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடணுமா?" அடுத்து நான் வருகிறேன், நெற்றி நிறையத் திருநீறும் குங்குமமுமாக, பின்னால் சாமி படங்களோடு. "மாத்திரை எதுக்குடா? சீரகத் தண்ணி குடி, எல்லாம் சரியாப் போயிடும்." அத்தோடு முடித்துவிட்டாய். ஏப்பத்தைக் காணோம், இலையைக் காணோம். கருவாட்டுக் குழம்பு தின்றவனுக்குச் சொன்ன வார்த்தையை வெட்டி, காலம் பூராவும் நோயோடு இருக்கிறவர்களுக்கு ஒட்ட வைத்துவிட்டாய்.

ஆரம்பத்தில் எனக்கும் இனித்தது, அதை மறைத்துப் பேச மாட்டேன். வெள்ளிக்கிழமை பௌர்ணமிக்குக் கொடியிடையம்மன் கோயில் வரிசையில் நிற்கும்போது, முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்து, "யம்மா, நீங்க அந்தச் சீரக அம்மாதான?" என்று கேட்டாள். நான் வரிசையில் இரண்டு அடி உயரமாக நின்றேன். நம் தெருமுனை மளிகைக் கடையில் சீரகம் தீர்ந்துபோய், கடைக்காரர் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, உங்க புள்ள எனக்கு யாவாரம் பண்ணிக் குடுத்துகினு கீறாரு" என்று சிரித்தார். உன் வீடியோவை நான் முழுக்கப் பார்த்தது அதற்குப் பிறகுதான். அதுவரை என் முகம் வருகிற இடத்தை மட்டும்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பவுனுவை உனக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். அவள் அப்பா அம்மா இந்தப் பக்கத்து வயல்களில் நாற்று நட்டவர்கள். வயல் மனையான பிறகு இவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலைக்குப் போனாள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. மகளை நெமிலிச்சேரியில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறாள். என்னை அக்கா என்பாள், நீ அவளை அத்தை என்பாய். ஏரித் தண்ணீர் தெருவுக்குள் இடுப்பளவு வந்த மழையில், உன் அப்பா ஷிப்டு முடிந்து வர முடியாமல் மாட்டிக்கொண்டபோது, உன்னைத் தோளில் உட்கார வைத்து ரயில்வே ஸ்டேஷன் மேடு வரைக்கும் நடந்தவள் அவள்தான். பள்ளம் எது மேடு எது என்று தெரியாத தண்ணீரில் காலால் தடவித் தடவி நடந்தாள். நீ அவள் முடியைப் பிடித்துக்கொண்டு, "வேகமா போ அத்தை" என்று அதட்டினாய்.

அவளுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. அரசு ஆஸ்பத்திரியில் மாதா மாதம் மாத்திரை கொடுப்பார்கள், ஆனால் அதற்கு ஒரு நாள் லீவு போட்டு வரிசையில் நிற்க வேண்டும். லீவு போட்டால் சூப்பர்வைசர் திட்டுவான். அந்த நேரத்தில்தான் உன் வீடியோ வந்தது. அவள் ஒரு பாட்டிலில் சீரகத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வேலைக்குப் போவதை நான் வாசலில் கோலம் போடும்போது பார்த்திருக்கிறேன். பாட்டிலைத் தூக்கி என்னிடம் காட்டிவிட்டுப் போவாள். நான் கையை ஆட்டுவேன். மாத்திரையை நிறுத்திவிட்டாள் என்று எனக்குத் தெரியாது. வாங்கிய புதுச் செருப்பு கட்டை விரலைக் கடித்ததும் அவளுக்குத் தெரியாது, சர்க்கரையால் காலில் உணர்ச்சி போய்விட்டிருந்தது. விரல் கறுத்து, நாற்றம் வந்து, பக்கத்தில் நின்று வேலை செய்கிறவள் மூக்கைப் பொத்திக்கொண்ட பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறாள். முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் பார்க்கப் போனேன். கட்டிலில் போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது. கட்டு மாற்ற வந்த நர்சம்மாவிடம் பவுனு என்னைக் காட்டி, முகமெல்லாம் பெருமையாக, "இவங்கதான்மா, நான் சொன்னேன்ல, வீடியோல வந்தவங்க. எங்க தெருதான்" என்றாள். அந்த நர்சம்மா என்னைப் பார்த்த பார்வையை நீ வந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். அது உனக்குச் சேர வேண்டியது. என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள், கையிலிருந்த கோயில் பிரசாதத்தைப் பார்த்தாள், கத்தரிக்கோலை எடுத்துக் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

அன்றைக்கு மட்டும் நீ போனை எடுத்தாய். நீ பேசியதை நான் மறக்கவில்லை. "அம்மா, கீழ டிஸ்க்ளைமர் போட்டிருக்கேன்மா, டாக்டரைக் கேட்டுக்கோங்கன்னு தெளிவா எழுதியிருக்கு." பவுனுவுக்குப் பஸ்ஸில் போர்டு படிக்கவே பக்கத்தில் ஆள் வேண்டும் என்றேன். "அதுக்கு நான் என்னம்மா பண்றது? இப்ப எடுத்தா சேனலே படுத்துடும்மா, அதுதான் நல்லா ஓடிட்டு இருக்கு" என்றாய். ஓடுகிறது என்ற சொல்லைக் கால் போனவளைப் பற்றிய பேச்சில் சொல்கிறோமே என்றுகூட உனக்கு உறைக்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்கு ஒரு கூடை வந்தது, உன் பெயர் போட்டு, ரிப்பன் கட்டி. சப்போட்டா, மாம்பழம், கறுப்பு திராட்சை, பேரீச்சம்பழம். சர்க்கரையால் கால் போனவளுக்குச் சர்க்கரையாகப் பார்த்துப் பொறுக்கி அனுப்பிய பிள்ளையை நான் பெற்றிருக்கிறேன். உன் மாமனாருக்கும் சர்க்கரைதானே? அவரை மாதம் தவறாமல் காரில் உட்கார வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறாயே, வழியில் ஒரு வாய் சீரகத் தண்ணீர் கொடுத்ததுண்டா? உன் வீட்டு ஆளுக்கு ஊசி, என் தெருக்காரிக்குச் சீரகம். உனக்கு விஷயம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தெரிந்துதான் செய்தாய்.

நம் கோயில் சாமி கதையைச் சின்னதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நீ. ராஜா யானை காலில் சிக்கிய முல்லைக் கொடியை வாளால் வெட்ட, கொடிக்கு அடியில் இருந்த லிங்கத்தின் மேல் வெட்டு விழுந்து ரத்தம் வந்தது. அந்தக் காயத்துக்காகத்தான் இன்றைக்கும் சாமிக்குச் சந்தனம் சாத்தியே வைத்திருக்கிறார்கள், வருஷத்துக்கு ஒரு முறைதான் களைவார்கள். அந்த ராஜா தெரியாமல் வெட்டினான். தெரிந்ததும் வாளைத் தன் கழுத்திலேயே வைத்துக்கொண்டான் என்பார்கள். நீ கழுத்தில் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். உனக்கு அவ்வளவு மானம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. சாபமும் விட மாட்டேன். பெற்றவள் வாயிலிருந்து வந்தால் பலித்துவிடும் என்று நம்புகிறவள் நான், அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

சாபத்தைவிட அவசரமான காரியம் ஒன்று இருக்கிறது. பவுனு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை ஜன்னல் கட்டையில் பிரிக்காமல் கிடக்கிறது. பாட்டிலில் பழையபடி சீரகத் தண்ணீர். இன்னொரு காலின் சுண்டு விரலில் ஒரு சின்னக் கொப்பளம் வந்திருக்கிறது, நேற்று விளக்கெண்ணெய் தடவும்போது பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன்.

"பவுனு, அந்தத் தண்ணிக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமே இல்லடி. அவன் சொன்னது பொய். மாத்திரையப் போடு."

"இன்னாக்கா நீ, பெத்த புள்ளயவே பொய்யின்ற? தம்பி இம்மாம் படிப்பு படிச்சிகீது. நீயே அதுல சொன்னியே, மாத்தர எதுக்குன்னு. நா என் கண்ணால பாத்தன்."

"நான் அவன் ஏப்பத்துக்குச் சொன்னேன்டி."

சிரித்துவிட்டாள். உண்மையாகவே வாய்விட்டுச் சிரித்தாள், கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "போக்கா. என் கால் போச்சேன்னு மனசு கேக்காம எதுனா சொல்லிகினு கீற. தம்பி மேல தப்பு இல்லக்கா. நாந்தான் தண்ணிய சரியா காய்ச்சல போலகீது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்பதுபோல என்னிடம் ஒன்று கேட்டாள்.

இனி என் பேச்சு அவளிடம் எடுபடாது. அவளிடம் நீ காட்டிய என் முகம் நிஜ முகத்தைவிடப் பெரிதாக நிற்கிறது. அவளைத் திருப்ப ஒரே ஒருவரால்தான் முடியும், அது நீ என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அதனால் ஞாயிற்றுக்கிழமை நீ வா. வர வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். பச்சைப் புடவைதானே, கட்டிக்கொள்கிறேன். விளக்கு, போன், அதை நிறுத்துகிற கால், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வா. அந்தக் காலையாவது பத்திரமாகக் கொண்டு வா. ஆனால் நம் வீட்டுப் படியில் உன் செருப்பைக் கழற்றாதே, நேராகப் பவுனு வீட்டுக்குப் போ. நான் அங்கே இருப்பேன். பழைய வீடியோவை அவள் கண் முன்னால் அழித்துவிட்டு, புதிதாக ஒன்று எடு. அதில் நான் முழு வாக்கியத்தையும் சொல்கிறேன், ஏப்பத்தோடும் இலையோடும். நீ எதையும் வெட்டாமல் போடு. அதற்குப் பிறகு உனக்குச் சோறு போடுவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

நேற்றுப் பவுனு என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டது இதுதான்: "யக்கா, தம்பி வந்தா கேட்டுச் சொல்லு. சீரகத்த வறுத்துப் போடணுமா, பச்சையா போடணுமா? நா பச்சையா போட்டுட்டன். அதாலதான் கால் போச்சோ இன்னாவோ."

தம்பி ஞாயிற்றுக்கிழமை வருகிறான், நீயே கேள் என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். நீ வருவதற்குள் தண்ணீரை அடுப்பில் ஏற்றி வைத்துவிட வேண்டும் என்று இப்போதே, கூட இருந்து பார்த்துக்கொள்ள வந்திருக்கிற மகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வந்து அவள் எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொல். வறுத்தா, பச்சையா?

அம்மா